முந்நூற்றுப் பன்னிரண்டாவது இடம்

கடைசி இடத்தையும் மாற்றி முடித்தபோது வியாழக்கிழமை காலை மணி பத்தரை. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் 311-ஐ அடித்துவிட்டு 312 என்று எழுதினாள். யாரும் கைதட்டவில்லை. ஒயர்களையும் மின்சுற்றுப் பலகைகளையும் பார்த்துக்கொள்வதால் 'கேபிள்' என்று பட்டம் பெற்றவர் மட்டும் தலையைத் தூக்கினார்.

"முடிஞ்சுதா? இனிமே யாரைத் திட்டுவீங்க?"

"ஆளா கிடைக்காது?"

"அதானே," என்று அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த அலுவலகத்தில் ஐந்து பேர். கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவர். அவர் பல்லைத் தோண்டும் சத்தம் தரை வழியாக மேலே வரும். முதல் வாரம் கூசும், அப்புறம் பழகிவிடும். மேலே இவர்கள் ஒரு டீபக்கர் செய்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற கருவி. லிஃப்ட் செய்கிறவர்கள், தண்ணீர் பம்பு வைத்திருக்கிறவர்கள், சலவை இயந்திரம் விற்கிறவர்கள் எல்லாம் அதை வாங்குகிறார்கள். ஊரார் தப்பைக் கண்டுபிடிக்கும் கருவி. அதற்குள்ளேயே தப்பு இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில்.

நிரலுக்குள் ஒரு கோளாறு வந்தால், அது வந்த இடத்திலிருந்து மேல்நோக்கி வீசப்படும். எக்ஸெப்ஷன் என்பார்கள். மேலே யாராவது பிடிக்க வேண்டும். பிடித்தவர் சரிசெய்யலாம். பயன்படுத்துகிறவரிடம் சொல்லலாம். தன்னால் ஆகாது என்றால் இன்னும் மேலே வீசிவிடலாம். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் இந்த டீபக்கரை எழுதிய புண்ணியவான்கள் நான்காவதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பிடிப்பது, விழுங்குவது, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பது.

கோளாறை விழுங்கினால்கூடப் போகட்டும். உட்கார்ந்திருக்கிற மனிதர் 'நிறுத்து' விசையை அழுத்தினால், அந்தக் கட்டளையும் இதே பாதையில்தான் மேலே வீசப்படும். வழியெல்லாம் விழுங்கிகள் உட்கார்ந்திருந்தார்கள். கோளாறு எது, கட்டளை எது என்று அவர்கள் பார்ப்பதில்லை. வந்ததெல்லாம் உள்ளே.

312-க்குப் பக்கத்தில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. நகரத்துக்குத் தண்ணீர் விடும் இடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் பொறியாளர் எழுதியது. "நாற்பது பம்புகளை வரிசையாகச் சோதிக்கிறேன். ஒரு பம்பை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும்போது நிறுத்து என்கிறேன். உங்கள் கருவி கேட்பதே இல்லை. நாற்பதையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறது. நான் சொல்வதைக் கேட்காதவர்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவதற்கு என்னிடம் பொறுமை இல்லை."

அந்தக் கடிதத்தில்தான் இந்த வேலை தொடங்கியது. ஒவ்வொரு விழுங்கியாகக் கிளப்பிவிட்டு, கோளாறைக் கோளாறாகச் சொல்லும்படியும், கட்டளையைக் கட்டளையாக வழிவிடும்படியும் எழுதினாள். பதினான்கு மாதம். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் புதிய பதிப்பின் கதவைச் சாத்துகிறார்கள். திங்கள் முதல் முதலாளியம்மா அவளை வேறு வேலைக்குப் போட்டிருந்தார். அதற்குள் உள்ளே போனால் உண்டு. போகாவிட்டால் அது அவள் கணினியிலேயே கிடந்து மக்க வேண்டியதுதான்.

கதவு வாசலின் கையில். அவருடைய பெயர் அதுவல்ல. அவர் படித்துச் சரி என்று சொல்லாமல் ஒரு வரியும் உள்ளே போகாது என்பதால் வந்த பட்டம். தொலைபேசியை எடுத்து அவரே "வாசல் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தக் கடைசி இடத்தைப் பற்றி வாசலுக்கும் அவளுக்கும் ஐந்து மாதம் முன்பே ஒரு வாக்குவாதம் நடந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் பட்டியலில் விரலை வைத்து, "இதை மட்டும் விட்டுடுங்க" என்றார்.

"ஏன்?"

"விட்டுடலாம்னு தோணுது."

"தோணுதுன்னா எப்படி சார்? காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்."

வாசல் யோசித்தார். கீழே பல் மருத்துவர் ஒரு பல்லை முழுதாகத் தோண்டி முடித்தார். வாசலிடமிருந்து காரணம் வரவில்லை.

"அப்ப மாத்தறேன்," என்றாள் அவள். கேபிள் சிரித்துவிட்டார். அதற்காக அவள் பிறகு கொஞ்சம் வருத்தப்பட்டாள். ஆனாலும் மாற்றுவதாகச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிக்கு மட்டும் தள்ளிவைத்தாள்.

*

சோதனை பார்ப்பது நாத்தனாரின் வேலை. கணவனின் கூடப்பிறந்த தங்கை. அவளுக்கு முன்பே இந்த அலுவலகத்தில் இருந்தவள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்க, நல்லாத் திட்டுவாங்க, உனக்கு அப்படி ஒருத்தர்தான் வேணும்" என்று அண்ணனிடம் சொல்லிக் கல்யாணத்தை முடித்துவைத்ததும் நாத்தனார்தான்.

தானாக ஓடும் சோதனைகள் நாலாயிரத்துச் சொச்சம். ஓட்டியாயிற்று, எல்லாம் பச்சை. நாத்தனாருக்கு அதில் திருப்தி வராது.

"மிஷின் அழுத்தினா அளந்து வெச்ச மாதிரி அழுத்தும் அண்ணி. மனுஷங்க அப்படியா அழுத்தறாங்க? நான் எப்ப அழுத்துவேன்னு எனக்கே தெரியாது. அதுதான் சோதனை."

அதனால் அவள் கையால் அழுத்துவாள். இடது கை விரல் நிறுத்து விசையில். கண் குறுக்கெழுத்துப் புதிரில். ஒவ்வொரு முறை அழுத்தியதும் வலது கை ஒரு சட்டைப் பட்டனை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றும். ஐந்நூறு பட்டன். அண்ணனின் தையல் கடையிலிருந்து கேட்காமல் எடுத்துவந்தது.

அவள் மேசையில் ஒரு லிஃப்ட் நின்றது. கேபிள் செய்துகொடுத்தது. கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், ஆறு மாடி, தீப்பெட்டி அளவில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் பயணியாக ஒரு சதுரங்கச் சிப்பாய். உண்மையான லிஃப்டை ஓட்டும் அதே பலகைதான் அதையும் ஓட்டியது. நாத்தனார் டீபக்கரால் அந்த லிஃப்டின் புரோகிராமைப் பிடிப்பாள், ஒன்பது இடங்களில் நிறுத்தக் குறி வைப்பாள், பிறகு விடுவிப்பாள். விடுவிக்கும்போது, அவளுக்குத் தோன்றிய நேரத்தில் நிறுத்து. சிப்பாய் பாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு நாத்தனார் அவள் மேசைக்கு வந்து நின்றாள். புதிரும் இல்லை, பென்சிலும் இல்லை. அதிலேயே விஷயம் தெரிந்தது.

"அண்ணி, மாடிப்படிக்கு ஒரு நிமிஷம் வாங்க."

படியில் பல் மருத்துவரிடம் வந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கிப்போகும்வரை இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருநூத்திப் பதினேழாவது பட்டன்," என்றாள் நாத்தனார். "லிஃப்ட் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுடுச்சு. சிப்பாய் தொங்கிட்டான்."

"ஒரு தடவையா?"

"ஒரே தடவை. அதுக்கப்புறம் நூறு தடவை அழுத்திட்டேன். வரல."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"மிஷின் எல்லாம் பச்சைன்னு சொல்லுது. நாளைக்கு மதியம் கதவு சாத்திடுவாங்க. நான் வாயைத் திறக்கலன்னா யாருக்கும் தெரியாது." நாத்தனார் கைப்பிடியைத் தட்டினாள். "என்ன அண்ணி, சொல்லட்டுமா? இல்ல, நானும் விழுங்கிட்டு வாயைத் துடைச்சுக்கட்டுமா?"

"கொழுப்புடி உனக்கு."

"கேக்கணும்ல. அண்ணியாச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மேசைக்குத் திரும்பி, பட்டியலைத் திறந்தாள்.

*

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி இடம்.

ஒரு புரோகிராமைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால், டீபக்கர் அந்த இடத்தில் இருக்கும் ஆணையை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அங்கே 'நில்' என்று ஒரு குறியை நடும். விட்டுவிட்டுப் போகும்போது ஒவ்வொரு குறியாகப் பிடுங்கி, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒன்பது குறியென்றால் ஒன்பது முறை. நாலைத் திருப்பி வைத்து ஐந்தாவதில் கை வைக்கும்போது நிறுத்து வந்தால்?

பழைய நிரல் அதை விழுங்கிவிட்டு ஒன்பதையும் திருப்பி வைத்தது. அவளுடைய புதிய நிரல் கட்டளைக்கு மரியாதை கொடுத்து, கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனது. ஐந்து குறிகள் லிஃப்டின் புரோகிராமுக்குள்ளேயே தங்கிவிட்டன. லிஃப்ட் நிம்மதியாக மேலே போய், ஒரு குறியில் கால் வைத்து விழுந்தது. பிடிக்க அங்கே டீபக்கர் இல்லை. அதுதான் போய்விட்டதே.

முந்நூற்றுப் பதினொரு இடத்தில் சரியாக இருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டாவதில் தப்பு. அத்தனை இடத்துக்கும் ஒரே மருந்து கொடுத்தது அவள்தான். கை பழகிவிட்டது. கடைசி ஐம்பது இடங்களை அவள் யோசித்து மாற்றவில்லை, விரல்கள் மாற்றின.

வாசலின் மேசை ஜன்னல் ஓரம். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, கால்களை மேசைக்கடியில் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கடைசி இடம்."

"ம்."

"நீங்க சொன்னதுதான் சரி."

வாசல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னேன்?"

"விட்டுடச் சொன்னீங்க."

"ஓ." கண்ணாடியைத் துடைத்தார். "காரணம் கிடைச்சுதா?"

"லிஃப்ட்ல சிப்பாய் தொங்கினான்."

அவர் வெறும் காலோடு எழுந்து வந்து கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் குனிந்தார். சிப்பாயைப் பார்த்தார். அவள் காரணத்தைச் சொன்னாள். ஒன்பது, நாலு, ஐந்து.

"அஞ்சு மாசமா யோசிச்சேன்," என்றார் கடைசியில். "இது எனக்குத் தோணவே இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் விடச் சொன்னீங்க?"

"பயம். வேற என்ன? செஞ்சவன் காரணம் எழுதாம போயிட்டான். தெரியாத இடத்துல பயப்படாம என்ன பண்றது?"

"அன்னிக்கே பயம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லார் முன்னாடியுமா?" என்றார் வாசல்.

நாத்தனார் புதிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வாசல் நியாயமான மனிதர். வழியையும் அவரே சொன்னார். அந்த ஓர் இடம் பழையபடி இருக்கட்டும். மற்ற முந்நூற்றுப் பதினொன்றும் அவர் ஏற்கெனவே படித்தவை. இப்போதே கதவைத் திறந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

அவள் சுவரைப் பார்த்தாள். நாற்பது பம்பு. ஒரு பம்பை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும்போது. அந்த அம்மாள் சொன்னது இதே இடத்தைத்தான். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினால், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது.

"விழுங்கினாலும் தப்பு, உடனே துப்பினாலும் தப்பு," என்றாள். "வாங்கி வாயில அடக்கி வெச்சுக்கணும். ஒன்பதையும் திருப்பி வெச்சிட்டு, அதுக்கப்புறம் சொல்லணும்."

"எத்தனை வரி?"

"இருபதுக்குள்ள."

"சின்னதுதான். ஆனா ஒண்ணு தப்பிச்சிருக்குன்னா எனக்கு எல்லாமே சந்தேகம். மறுபடி முழுசும் படிப்பேன். காலைல எட்டு மணிக்கு என் மேசைல இருக்கணும். கையால ரெண்டாயிரம் தடவை அழுத்திப் பார்க்கணும். ஒரு தடவை தொங்கினாலும் ஒண்ணும் உள்ள போகாது. முந்நூத்திப் பன்னெண்டும் வெளியதான். பிரிச்செடுத்து வேற படிக்க நாளைக்கு நேரமிருக்காது. பதினொண்ணா, பன்னெண்டா? இப்பவே சொல்லுங்க."

"பன்னெண்டு," என்றாள் அவள்.

சொல்லிவிட்டு நேராகத் தன் நாற்காலிக்குப் போனாள்.

*

பதினெட்டு வரி. ஐந்து மணிக்கு எழுதி முடித்து, ஆறு மணிக்கு வீடு வந்தாள்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. மேசையில் பள்ளிச் சீருடைகள் மலை மாதிரி. நாற்பது பாவாடை, சனிக்கிழமை கொடுக்க வேண்டும். கணவன் மகளை ஸ்டூல்மேல் நிறுத்திவைத்து, மாதிரிக்குத் தைத்த பாவாடையின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தான். மகளுக்கு ஒன்பது வயது. ஸ்டூலில் அசையாமல் நிற்கச் சொன்னால் அன்றைக்குத்தான் கேள்விகள் ஊறும்.

"அப்பா, போதும்பா. இறங்கட்டுமா?"

கணவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். வாயில் வரிசையாக ஆறு குண்டூசி.

"அப்பா! கால் வலிக்குது. நிறுத்துப்பா!"

விரல் அப்படியே நின்றது. ஒவ்வொரு ஊசியாக வாயிலிருந்து எடுத்து மடிப்பில் குத்தினான். ஆறாவதையும் குத்திவிட்டு, எழுந்து, முதுகை நிமிர்த்தி, "இறங்கு" என்றான்.

"அப்பவே சொன்னேன், ஏன் பதில் சொல்லல?"

"வாயில ஊசி இருக்கும்போது பேசினா ஒண்ணு என் தொண்டைக்குள்ள போகும், இல்ல உன் கால்ல விழும். கேட்டுச்சுடா கண்ணு. முடிச்சிட்டுதான் சொல்ல முடியும்."

அவள் வாசற்படியிலேயே நின்று சிரித்தாள். கணவன் திரும்பினான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க பதினெட்டு வரி."

"இன்னிக்குத் திட்டு புதுசா இருக்கே." அவன் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "அது போகட்டும். என் பட்டன் டப்பா எங்க? நாலு கண் வெள்ளைப் பட்டன் ஐந்நூறு. கடையெல்லாம் தேடிட்டேன்."

"உங்க தங்கச்சியைக் கேளுங்க."

"கேட்டேன். ஆராய்ச்சியில இருக்காம்."

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க."

"எனக்குச் சனிக்கிழமை நாற்பது பாவாடை இருக்கு. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் கடை நடத்தற மாதிரிதான்."

சாப்பிட்டு முடித்ததும் அவள் கணினியைத் திறந்து, பதினெட்டு வரிக்கு மேலே இரண்டு வரி விளக்கம் எழுதினாள். எந்தக் காரணமும் எழுதாமல் போன பழைய மனிதரை நினைத்துக்கொண்டாள். விழுங்கியென்று பதினான்கு மாதம் அவள் திட்டிய மனிதர். இந்த ஓர் இடத்தில் அவர் காரணத்தோடுதான் விழுங்கியிருக்கிறார். சொல்லத்தான் இல்லை.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு நாத்தனார் பட்டன்களை ஐந்தாகப் பிரித்தாள். ஆளுக்கு நூறு. நூறையும் ஒரு பக்கம் தள்ளி, மறுபடி இந்தப் பக்கம் தள்ளி, நாலு நடை. ஐந்து பேருக்கு ரெண்டாயிரம்.

"நானுமா?" என்றார் முதலாளியம்மா.

"உங்க கைக்கும் ஒரு நேரம் இருக்கும்ல மேடம். அது எங்களுக்கு வராது."

கேபிள் செய்துவைத்த மற்ற மாதிரிகளும் மேசைக்கு வந்தன. லிஃப்ட் நாத்தனாருக்கு. சலவை இயந்திரம் முதலாளியம்மாவுக்கு. ரொட்டி அடுப்பு கேபிளுக்கு. ரயில் நிலையத்து டிக்கெட் கதவு வாசலுக்கு. அது யாரும் திட்டமிட்டதல்ல, மிச்சம் இருந்தது அதுதான். பம்பு அவளுக்கு.

ஒவ்வொருவர் கையும் ஒரு விதம். முதலாளியம்மா கையெழுத்துப் போடுவதுபோல் அழுத்தினார், யோசித்து, ஒரே ஒரு முறை. கேபிள் எறும்பை நசுக்குவதுபோல். வாசல் வலது கையால் அவளுடைய நிரலை நகர்த்திப் படித்துக்கொண்டே இடது கையால் அனுமதி கேட்பதுபோல். அவள் அழுத்தும்போது ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்தாள். நாலாவது பட்டனில் அது தெரிந்து, விட்டுவிட்டாள். மூச்சைப் பிடித்து யாரும் பம்பை நிறுத்துவதில்லை.

நாத்தனார் தன்னுடைய நூற்று நாற்பத்து மூன்றாவது முறையில் "வந்துடுச்சு" என்றாள்.

மற்ற நால்வரும் திரும்பினார்கள்.

திரையில் அவள் எழுதிவைத்த மூன்று சொற்கள். கேட்டது. முடிக்கிறேன். நிறுத்தினேன். கண்ணாடிக் குழாயில் கூண்டு மூன்றைத் தாண்டியது. நாலைத் தாண்டியது. ஐந்தாம் மாடியில் நின்று கதவைத் திறந்தது. சிப்பாய் நின்றுகொண்டிருந்தான்.

"இறங்க மாட்டேங்கறானே," என்றார் கேபிள்.

"நேத்து தொங்கினவன். பயம் தெளியட்டும்," என்றாள் நாத்தனார்.

அதற்குப் பிறகு எட்டு முறை, குறிகளைப் பிடுங்கும் நடுவில் நிறுத்து வந்தது. மூன்று முறை அவளுடைய பம்பில். ஒவ்வொரு முறையும் அதே மூன்று சொல். பம்பு தன்பாட்டுக்கு ஓடியது. பட்டியலில் அடுத்த பம்புக்குப் போகாமல் டீபக்கர் நின்றது. கேட்கிறது, முடிக்கிறது, நிற்கிறது. நாற்பது பம்பு அம்மாள் இதைத்தான் கேட்டார். மூன்றாவது முறை அவள் பட்டனைத் தள்ள மறந்து அந்தச் சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபதுக்கு டிக்கெட் கதவு செத்தது.

வாசல் அழுத்தவில்லை. படித்துக்கொண்டிருந்தார். பாதி திறந்த கதவு அப்படியே நின்றது. பலகையின் விளக்கு அணைந்தது. அவர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மற்றவர்கள் அழுத்துவதை நிறுத்தினார்கள். கீழே பல் மருத்துவர்கூட நிறுத்திவிட்டார்.

அவள் எழுந்து போய் நின்றாள். திரையில் மூன்று சொற்களில் ஒன்றுகூட இல்லை. ஒரு சொல்லும் இல்லை. பதினொன்று என்று சொல்லியிருக்கலாம். நேற்று மதியமே வீட்டுக்குப் போய்ப் பாவாடைக்கு ஊசி எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

கேபிள் முழங்காலில் விழுந்து மேசைக்கடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"சார்," என்றது குரல். "காலை எடுங்க."

"என்ன?"

"கரண்ட் ஒயர் உங்க கட்டைவிரல் இடுக்குல இருக்கு."

வாசல் குனிந்து பார்த்தார். மிக மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டார்.

"ஷூவைப் போட்டுக்கிட்டு வேலை பாருங்க சார்," என்றாள் நாத்தனார். "அண்ணிக்கு எதாவது ஆச்சுன்னா எங்க அண்ணனுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

முதலாளியம்மா சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தும்மல் மாதிரி இருந்தது. அவள் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாசல் மட்டும் சிரிக்கவில்லை. ஷூவைப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, தன்னிடம் மிச்சமிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகத் தள்ளி முடித்தார். ரெண்டாயிரம் முடியும்போது பதினொன்று நாற்பது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார்.

எல்லோரும் வந்து நின்றார்கள்.

"இங்க எழுதியிருக்கீங்க. 'வாயில் குண்டூசி இருக்கும்போது பதில் சொல்லாதே. கேட்டுக்கொள், எல்லா ஊசியையும் குத்தி முடி, பிறகு சொல்.'" அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "நம்ம டீபக்கர்ல குண்டூசி எங்க இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் வாயில இருக்கு சார்."

"புரியல."

அவள் ஸ்டூலையும் மகளையும் ஆறு ஊசியையும் சொன்னாள். நாத்தனார், "எங்க அண்ணன் சின்ன வயசுலயே அப்படித்தான், கூப்பிட்டா விரலைக் காட்டும்" என்று சேர்த்தாள்.

"காரணம் எழுதாம போனா பயம்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள். "இன்னும் பதினெட்டு வருஷம் கழிச்சு யாராவது வந்து படிப்பாங்க. பயப்படாம படிக்கட்டும்."

வாசல் இரண்டு வரியையும் இன்னொரு முறை படித்தார். எதையும் திருத்தவில்லை.

"இருக்கட்டும்," என்றார்.

விசையை அழுத்தினார். பதினொன்று நாற்பத்தெட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டும் உள்ளே போயின.

கேபிள் கைதட்டினார். தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினார். உடனே மற்றவர்கள் தட்டினார்கள்.

நாத்தனார் பட்டன்களை டப்பாவில் அள்ளிப் போட்டு மூடினாள். "அண்ணி, இதை நீங்களே அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க. நான் கொடுத்தா எண்ணிப் பார்க்கும்."

"நான் கொடுத்தா?"

"உங்களைப் பார்த்தா பயம் இருக்குல்ல."

அவள் சுவரிலிருந்து கடிதத்தைக் கிழியாமல் எடுத்தாள். பதினான்கு மாதத்துக்கு முன் வந்த கடிதம், ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. உட்கார்ந்து பதில் எழுதினாள். நீளமாகத் தொடங்கினாள். அழித்தாள். கடைசியில் மூன்று வரி நின்றது. "இத்துடன் அனுப்பும் புதிய பதிப்பில் நிறுத்து என்றால் கேட்கும். கையிலிருக்கும் பம்பை ஒழுங்காக விட்டுவிட்டு, உடனே நிற்கும். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள். திரையை நாத்தனார் பக்கம் திருப்பினாள்.

"நன்றி. பதினோராவது பம்பில் நிறுத்திப் பார்த்தேன். நின்றது. இத்தனை நாள் கழித்து ஒன்றாவது கேட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் எப்போது புதிய பதிப்பு வரும்?"

நாத்தனார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"அதுக்கும் வாசல் சார் படிச்சுச் சரின்னு சொல்லணும்னு எழுதிடுங்க அண்ணி," என்றாள்.